நாற்பத்தோராவது நிமிடம்

எனக்குப் பாட்காஸ்ட் கேட்கும் பொறுமை கிடையாது. எழுத்தில் இருந்தால் படிப்பேன். அதனால்தான் என் தோழி விஷாகா தமிழில் ஒரு பாட்காஸ்ட் தொடங்கியபோது, பேச்சு முழுவதையும் எழுத்தாக்கித் தளத்தில் ஏற்றும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கம்ப்யூட்டர் நம் பேச்சைக் கண்டபடி எழுதிவைக்கும். வரிவரியாகத் திருத்த வேண்டும். ஐந்து வருடத்தில் நூற்றிருபது பேச்சுகள். இன்று யாராவது ஒரு சொல்லைத் தட்டினால் போதும், அது எந்தப் பேச்சில் எத்தனையாவது நிமிடம் என்று வந்துவிடும். பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதிதி அதில் விருந்தினராக வந்தவள். அடித்து நொறுக்கிய கணவனை டாலஸில் விட்டுவிட்டு, குழந்தையோடு இங்கே சான் ரமோனுக்கு ஓடி வந்தவள். பெயர் சொல்லாமல், குரலை மாற்றித்தான் வெளியிட்டோம். பேச்சுவாக்கில் அவள் சொல்லிவிட்ட கணவன் பெயரையும் குழந்தையின் டேகேரையும் ஆடியோவில் விஷாகா வெட்டினாள். எழுத்தில் நான் வெட்டினேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து விஷாகா சொன்னாள்: "ஜலஜா, உனக்கு மைக்னாலே அலர்ஜிதானே? அதிதி செமையா பேசறா. இனிமே அவதான் என் கோ-ஹோஸ்ட். ட்ரான்ஸ்கிரிப்ட நீ பாத்துக்கோ, போதும்."

"நல்லா பண்ணட்டும்," என்றேன். அந்த நாற்காலிக்காக நான் ஐந்து வருடம் வாய் திறக்காமல் காத்திருந்தேன்.

அந்த வாரம் டாலஸிலிருந்து கௌசிக் என்பவர் மெயில் போட்டார். புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். அதிதியின் பேச்சைச் சுட்டி, எழுத்தில் சில வரிகள் விடுபட்டிருக்கின்றன, முழுப் பிரதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். கௌசிக் என்ற பெயரை என் கையாலேயே அழித்தவள் நான். யாரென்று தெரியாமல் இருக்குமா? மூன்று நாள் பதில் போடவில்லை.

நான்காம் நாள் அவர்கள் இருவரும் சேர்ந்து பேசிய முதல் பேச்சு கைக்கு வந்தது. கடைசியில் எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள், லோகோ வரைந்த பையனுக்குக்கூட. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். பிறகு தேடும் கட்டத்தில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். நூற்றிருபது பேச்சில் ஒரு இடத்தில்கூட ஜலஜா இல்லை.

முழுப் பிரதியை அனுப்பினேன். டேகேர் பற்றிய வரி நாற்பத்தோராவது நிமிடத்தில் வருகிறது என்றும் எழுதினேன். ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அப்படிச் சொல்லிவிட்டால் தேடும் வேலை மிச்சம். அதிதி தினமும் மாலை ஐந்தே முக்காலுக்குக் குழந்தையை அழைக்கப் போவாள் என்பது எந்தப் பேச்சிலும் இல்லை. அது எனக்குத் தெரிந்த விஷயம். அதை மெயிலின் கடைசியில் தனி வரியாகச் சேர்த்தேன்.

அதிதி பிழைப்பது கஷ்டம் என்கிறீர்கள், ஆபீசர். கத்தியை எடுத்துப் போனது அவர். அவர் கேட்ட தகவலைத்தான் நான் கொடுத்தேன்.

விஷாகா இரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை. பாவம், அவளுக்குத் தனியாகப் பேச வராது. வெள்ளிக்கிழமைக்குள் என்னை அனுப்பிவிட்டீர்களானால், ரெக்கார்டிங்குக்கு அவள் பக்கத்தில் நான் உட்காருவேன்.