உப்புப் போடாத எண்ணெய்

எண்ணெயில் தண்ணீர் கரையாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நல்ல மனிதர். ஆனால் அவர் எண்ணெய்க் கடை வைத்திருந்ததில்லை. நான் வைத்திருந்தேன், சிங்கப்பூர் ஜாலான் புசாரில், ஜப்பான்காரன் காலத்தில்.

தேங்காயெண்ணெயில் வெறும் தண்ணீரை ஊற்றினால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு அடித்தால் மோர் மாதிரி வெளுக்கும். அதோடு, பக்கத்துத் தச்சுப்பட்டறையில் மேசைக்கு மெருகு போடும் ஸ்பிரிட்டையும் சேர்த்தால் பளிங்காகத் தெளிந்துவிடும். தண்ணீர் எங்கே போனது என்று தண்ணீருக்கே தெரியாது. வாடையை மறைக்கப் பாண்டான் இலை. இந்தக் கலவைக்கு ஒரே எதிரி உப்பு. ஒரு சிட்டிகை விழுந்தாலும் குடித்த தண்ணீரையெல்லாம் எண்ணெய் கக்கிவிடும். அதனால் கிணற்றுத் தண்ணீரைத் தொடமாட்டேன், மழைத்தண்ணீர்தான்.

ஸ்பிரிட் புட்டியில் மண்டையோட்டுப் படம் இருந்தது. படம் பார்த்துப் பயப்படுகிற வயதா எனக்கு? வரிசையில் நிற்கிற யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது என் கொள்கை.

என்னிடம் எண்ணெய் வாங்கும் பூவம்மாவின் புருஷனைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மகன் மாணிக்கம் மரவள்ளிக்கிழங்கையே தின்று எலும்பும் தோலுமாக இருந்தான். உடம்பு தேற, அவனுக்குத் தினமும் தேங்காயெண்ணெய் புகட்டினாள். என்னைக் கண்டால் "எண்ணெய் மாமா" என்று வந்து காலைக் கட்டிக்கொள்வான். எனக்குப் பிள்ளை கிடையாது.

ஒருநாள் அவள் புட்டியோடு வந்தாள்.

"மருதப்பண்ணே, இவன் குடிக்க மாட்டேங்கிறான்னு ஒரு கல்லு உப்புப் போட்டேன். கலங்கிப் போயி அடியில தண்ணி நிக்குது. பஞ்சத்துல எண்ணெயும் அழுவுது போல லா."

"உப்புல ஈரம், புள்ள. ஜப்பான்காரன் குடுக்கிற உப்பு அப்படித்தான். இனிமே உப்புப் போடாம குடு."

"அட, நான் ஒரு மடச்சி. உங்களைப் போயிச் சந்தேகப்பட்டேன்."

உள்ளே, ஜப்பான் அதிகாரிகளின் சமையலுக்கென்று கலக்காத எண்ணெய் ஒரு தகரம் நிறைய இருந்தது. அவளுக்கு மட்டும் அதிலிருந்து ஊற்றியிருக்கலாம். ஆனால் ஒருத்திக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்றால் அது ஓரவஞ்சனை. எனக்குப் பிடிக்காது. பழைய கலவையிலேயே புதுப் புட்டி கொடுத்தேன். உப்பில்லாமல் குடிக்க அவன் முரண்டு பிடித்தபோது, நானே மடியில் உட்காரவைத்து, காக்காய்க் கதை சொல்லி, இரண்டு கரண்டி ஊட்டினேன். கதையில் காக்காய் ஜெயித்ததால் மூன்றாவதும் குடித்தான்.

அந்த வாரமே ஒரு நடுப்பகலில், "அம்மா, ஏன் இன்னும் வெளக்கு ஏத்தல?" என்று கேட்டானாம். மறுநாள் மூச்சு வாங்கியது. அதற்கு மறுநாள் சுடுகாட்டுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். கனமே இல்லை. விஷக் காய்ச்சல் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

காரியம் முடிந்து பூவம்மா கடைக்கு வந்தாள். கையில் பாதிப் புட்டி எண்ணெய்.

"பக்கத்து வீட்டுக் கமலாம்பிகை புள்ளையும் நோஞ்சானா கெடக்கு. இவன் மிச்சம் வச்சதை அதுக்குக் குடுத்துடட்டுமாண்ணே?"

"குடும்மா. வீணாக்காத" என்றேன்.

வேண்டாமென்று சொல்லியிருந்தால் ஏனென்று கேட்டிருப்பாள். பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிறவளை மேலும் நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.