போனிடம் கேட்ட சின்னம்மா

கருமத்தம்பட்டி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிய சின்னவள் சொன்னாள்:

"நேத்து ஆபீஸ்ல எங்க சின்னம்மா பேசறத ஹெட்போன்ல கேட்டேனுங்க்கா."

"உங்க சின்னம்மா அங்க எதுக்கு அம்மணி வந்துச்சு?"

"வரலீங்க. சனங்க போன்கிட்ட வாயில கேக்கறது ரெக்கார்டாகி எங்களுக்கு வரும். அதக் கேட்டு எழுதறதுதான் என்ற வேலை."

நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

"மார்ல கட்டி வந்தா வலிக்குமான்னு கேக்குதுங்க்கா. ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் போன்கிட்டக் கேட்டிருக்குது."

மூத்த பெண் அவள் பக்கம் திரும்பி, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமல்ல?" என்றார்.

"என்னன்னு சொல்லிக் கூப்புடறது? வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கறேன். வேலை போனாலும் போகட்டும்னு சொல்லிப்போடலாம். உனக்கு எப்படித் தெரியும்னு சின்னம்மா கேட்டா?"

"வேற யாரு குரலாச்சுமா இருக்கும் அம்மணி."

"இல்லீங்க. போனையே கண்ணுன்னு கூப்புடுது. 'வலிக்குமா கண்ணு'ன்னு கேக்குது."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"எழுதறதுல யாரு பேராச்சும் வந்தா அழிச்சுப்போடோணும்ங்க, அது ரூல். 'கண்ணு'ங்கறது பேரான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு."

"நீ என்ன பண்ணுனே?"

"பேருதான்னு போட்டு அழிச்சுப்போட்டேன். சின்னம்மா என்னைய அப்படித்தானுங்க கூப்புடும்."