கேசவன் இங்கிலீஷ் பேசிய பத்து நிமிடம்

— கதையெல்லாம் அப்புறம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ரிசல்ட் வந்துச்சா, வரலையா?

— வந்துச்சு ஜெனி. காலைல கடை தொறக்கும்போதே மெயில் வந்துடுச்சு.

— காலைலயேவா? இப்ப சாயங்காலம் சொல்றீங்க?

— அப்ப நீ நைட் டூட்டில இருப்ப, முடிச்சிட்டு வந்து தூங்குவன்னு வுட்டுட்டேன்.

— சரி, பாஸா? நேரா சொல்லுங்க.

— இரு, வரேன். மொதல்லருந்து சொன்னாத்தான் உனுக்குப் புரியும்.

— எனக்கு நேரமில்லங்க. இங்க காலைல மணி பதினொண்ணரை. பன்னெண்டுக்குள்ள பதில் சொல்லுன்னு வீட்டு ஏஜென்ட் நிக்கறான். ரெண்டு பேர் இருக்கற மாதிரி ஒரு சின்ன வீடு, ஜன்னலைத் தொறந்தா ஒரு மரம். நீங்க வர்றதா இருந்தா எடுக்கலாம். இல்லன்னா இதே வீட்டுல இன்னும் மூணு நர்ஸோட ஒரே அடுப்புக்கு வரிசைல நிக்கணும்.

— எடுன்னு சொல்லு அவங்கிட்ட.

— போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. 'கில்லி மாதிரி பண்ணிட்டேன், பொட்டிய கட்டவா'ன்னீங்க. அப்புறம் பாத்தா உள்ள போய் வாயே தொறக்கல. எனக்கு இங்கயே நிரந்தரமா தங்க பி.ஆர். வந்தாச்சு, பேப்பர் எல்லாம் ரெடி. உங்க விசாவுக்கு இந்த ஒரு இங்கிலீஷ் டெஸ்ட்தான் பாக்கி. ஆறு வருஷமா நான் இங்கிலாந்துல, இந்த லீட்ஸ்ல, நீங்க பீர்க்கன்கரணைல. வருஷத்துல மூணு வாரம்தான் புருஷன் பொண்டாட்டி. இன்னொரு தடவ ஃபெயில்னா என்னால தாங்க முடியாது, சொல்லிட்டேன்.

— போன தடவ அந்தத் தாம்பரம் கிளாஸுக்குப் போயிதாம்மா கெட்டேன். சுத்தி எல்லாம் கனடா போற சின்னப் பசங்க. நடுவுல நான் ஒருத்தன் கையில கிரீஸோட குந்திகினு கீறேன். அந்த சார் 'மை ஹாபி இஸ் ரீடிங் நியூஸ்பேப்பர்'னு எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாரு. பண்ணேன். டெஸ்ட்ல இன்னா கேட்டாங்க? உன் வூட்ல எத்தினி ரூமுன்னு கேட்டாங்க. நான் நியூஸ்பேப்பர வெச்சிகினு இன்னா பண்றது, வாய் அடச்சிப் போச்சு.

— இந்தத் தடவ கிளாஸ் பக்கமே போகலையாமே. ஏஞ்சல் அக்கா சிட்லபாக்கத்துலருந்து உங்களுக்காகவே வந்து பாத்திருக்கா. 'உன் வீட்டுக்காரர் கடைய விட்டு நகரல, மோட்டாருக்குக் காயில் கட்டிக்கிட்டே போன்ல யாரோ பொண்ணுகிட்ட பேசிட்டிருக்கார்'னு சொன்னா. சொல்லும்போது அவ குரலே சரியில்ல.

— ஒரு பொண்ணா? உங்கக்கா பாத்தது ஒண்ணுதான். ஒரு நாளைக்கு ஏழெட்டு பேரு.

— யாருங்க அவங்க?

— எல்லாம் டீச்சருங்கதான். கிரெடிட் கார்டு மேடம், லோன் மேடம், இன்சூரன்ஸ் மேடம், மறைமலை நகர்ல மனை விக்கற மேடம். முன்னெல்லாம் இவங்க போன் வந்தா கட் பண்ணுவேன். அப்புறம்தான் ஒரு நாள் தோணுச்சு, அட, வூடு தேடி வந்து இங்கிலீஷ் பேசறாங்க, நான் எதுக்கு வேணாங்கறேன்? அன்னிலருந்து ஸ்பீக்கர்ல போட்டு 'எஸ் மேடம், டெல் மேடம்'தான். பல்லாவரத்துலருந்து ஒரு பொண்ணு, பாவம், 'அண்ணா, உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே, தமிழ்லயே பேசலாமே'ன்னு கெஞ்சுது. 'நோ தமிழ், ஒன்லி இங்கிலீஷ்'னுட்டேன்.

— கார்டு ஏதாவது வாங்கித் தொலைச்சிட்டீங்களா?

— ஒண்ணும் வாங்கல, டென்சன் ஆவாத. ஆனா ஒரு பேஜாரு. அவங்க பேசற ஸ்பீடு கீதே, யப்பா. எழுதி வெச்சத மூச்சு வுடாம படிக்கறாங்க, ஒரு வார்த்தையும் புடிபடல. மெதுவா பேசுங்கன்னா ரெண்டு வரி மெதுவா பேசுவாங்க, மறுபடியும் ஓட்டம். அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சேன்.

— அது என்ன வழின்னு கேக்கவே பயமா இருக்கு.

— நீ கோச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— எடுத்தவுடனே 'மை ஒய்ஃப் எக்ஸ்பயர்டு மேடம்'னு சொல்லிடுவேன்.

— நான் செத்துட்டேனா?

— ஒரு பேச்சுக்குத்தாம்மா. சொன்ன நிமிசம் அந்தப் பொண்ணு 'ஓ, சாரி சார்'னு எறங்கி வந்துடும். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தி, சாப்டீங்களா சார், யாரு சமைக்கறாங்க, கொழந்தைங்க கீதான்னு கேக்கும். அழகா புரியும். நானும் தட்டுத் தடுமாறி பதில் சொல்லுவேன். எந்தக் கிளாஸ்ல இவ்ளோ பொறுமையா சொல்லித் தராங்க? இந்த மூணு மாசத்துல நீ ஒரு நூறு தடவ செத்துருப்ப.

— ரொம்ப நல்லா இருக்குங்க. நான் இங்க ஊரான் வீட்டு ஆளுங்கள சாகவிடாம ராத்திரி பூரா கண்ணு முழிக்கறேன். நீங்க அங்க உக்காந்து என்னைய வேளைக்கு ஒரு தடவ சாகடிக்கறீங்க. எதுல செத்தேன்?

— ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்கு லாரி. மனை மேடத்துக்கு மட்டும் ஹார்ட்டு. அந்தம்மா அழுதுடுச்சு. மனைய பத்தி பேசவே இல்ல, அடுத்த நாளும் போன் பண்ணி சாப்டியான்னு கேட்டுச்சு.

— எனக்குச் சிரிப்பு வருது, ஆனா சிரிக்க மாட்டேன். டெஸ்ட்டுக்கு வாங்க. மணி ஓடுது.

— செவ்வாக்கெழம கடைய பக்கத்துக் கடை சின்னப்பன பாத்துக்கச் சொல்லிட்டு, தாம்பரத்துல டிரெயின் புடிச்சு நுங்கம்பாக்கத்துல எறங்கினேன். அயர்ன் பண்ண சட்ட, ஷூ, நீ அனுப்பின வாட்சு, எல்லாம் டிப்டாப்பு. உள்ள ஒரு கண்ணாடி போட்ட மேடம். 'குட் மார்னிங்'னாங்க. நான் 'வெரி குட் மார்னிங்'னேன், ஒண்ணு சேத்தே குடுப்போமேன்னு. பேரு, ஊரு, வேல, வூட்ல எத்தினி ரூமு, எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதிலு. காயில் எப்பிடிக் கட்டறதுன்னு கேக்காமயே சொன்னேன். மேடம் தலைய ஆட்டிகினே எழுதறாங்க. சரி, இன்னிக்கு நம்ம நாளுன்னு நெனச்சேன். அப்பத்தான் 'டெல் மீ அபவுட் யுவர் ஃபேமிலி'ன்னாங்க.

— ஐயோ. வேணாம். சொல்லாதீங்க.

— நூறு தடவ சொல்லிப் பழகுன வாயி ஜெனி. நான் யோசிக்கவே இல்ல, அதுவா வந்துடுச்சு.

— எக்ஸ்பயர்டுன்னீங்களா?

— ஃபுல்லா. ஹார்ட்டு, ஆம்புலன்ஸு, ஆஸ்பத்திரி, எல்லாம். ஒரு எடத்துல கூடத் திக்கல. அப்பிடி ஒரு இங்கிலீஷ நான் பேசினதே இல்ல.

— பொண்டாட்டிகிட்ட போக விசா, அந்த விசாவுக்கு ஒரு டெஸ்ட், அந்த டெஸ்ட்லயே போய்ப் பொண்டாட்டி செத்துட்டான்னு சொன்ன ஒரே மனுஷன் நீங்களாத்தான் இருப்பீங்க. எங்கப்பா அன்னைக்கே சொன்னார், இவனக் கட்டிக்கிட்டா சிரிக்கறதா அழறதான்னு தெரியாம நிப்பேன்னு. விடுங்க. நான் அந்த ஏஜென்ட்கிட்ட வீடு வேணாம்னு சொல்லிடறேன்.

— எதுக்கு வேணாங்கற? பாஸு.

— என்ன?

— பாஸும்மா. வாட்ஸப்ல போட்டுட்டேன், தெறந்து பாரு.

— இருங்க... பாஸ்னுதான் போட்டிருக்கு. உங்க பேருதான். கடவுளே. எப்படிங்க? நான் செத்த கதைக்கா பாஸ் போட்டாங்க?

— அந்தக் கதைய கேட்டுட்டு மேடம் பேனாவ கீழ வெச்சிட்டாங்க. என் பேப்பர ஒரு தடவ பாத்தாங்க. 'மிஸ்டர் கேசவன், ஒய்ஃப் இல்லன்னா யாருகிட்ட போறீங்க?'ன்னாங்க. 'சாரி மேடம், சாரி, ஒய்ஃப் உயிரோட கீறாங்க, லீட்ஸ்ல நர்ஸு, போன்ல இங்கிலீஷ் பழகறதுக்காக அப்பிடிச் சொல்லுவேன்'னு எல்லாத்தையும் ஒளறினேன். மேடம் சிரிக்கல, கோச்சுக்கவும் இல்ல. 'சரி, நெசத்த சொல்லுங்க, அங்க எதுக்குப் போறீங்க?'ன்னாங்க.

— அதுக்குத்தான் நான் எழுதி அனுப்பினேனே. நல்ல வாழ்க்கை, நல்ல எதிர்காலம், புது ஊரு, புது வேலைன்னு அரைப் பக்கம். அதச் சொன்னீங்களா?

— அந்த நேரத்துல அதுல ஒரு வரி கூட ஞாபகம் வரல.

— பின்ன என்னதான் சொன்னீங்க?

— அத்த வுடு. ஏஜென்ட்டுக்குப் போன போடு மொதல்ல, பன்னெண்டு ஆவப் போவுது.

— நீங்க சொன்னாத்தான் போடுவேன்.

— ஒட்டுப் போட்ட இங்கிலீஷ்தான் ஜெனி, ஒரு நாலு வரி. 'மேடம், தெனம் போன் வெக்கறதுக்கு முன்னாடி மூஞ்சி கழுவறேன்னு போன கையோட எடுத்துகினு பாத்ரூமுக்குப் போவா, அந்த வூட்ல அவளுக்குத் தனியா வேற எடம் இல்ல. கொழாயத் தெறந்து வுட்டுகினு அழுவா, எனுக்குக் கேக்கலன்னு நெனச்சுகினு கீறா. அங்க போயி அந்தக் கொழாய மூடணும் மேடம், அதுக்குத்தான் போறேன்'னேன்.