மூடியைக் கழற்றியவர்

இடுப்பு வலி உட்கார்ந்தால் ஒரு விதம், நின்றால் ஒரு விதம். இருபது வருஷம் இரும்புத் தகடு சுமந்த இடுப்பு. இனி சுமக்க முடியாது என்று ஆனபோது, கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் தொழிற்சாலையிலேயே என்னை மேற்பார்வையாளனாக்கி, விபத்து அறிக்கை எழுதும் வேலையையும் தலையில் கட்டினார்கள்.

என் அறிக்கைகளில் யாரும் எதையும் செய்ததில்லை. விரல் நசுக்கப்பட்டது. சங்கிலி அறுக்கப்பட்டது. தவறு இழைக்கப்பட்டது. படிப்பவர்களுக்குப் பேய் நடத்தும் தொழிற்சாலை என்று தோன்றும். ஆனால் யார் வேலையும் போனதில்லை.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா இங்கிலீஷ் எழுதச் சொல்லிக்கொடுக்க வந்தார்.

"இழைக்கப்பட்டதுன்னா யார் இழைச்சது? பக்கத்து வீட்டுப் பூனையா?"

செய்தவரை முன்னால் நிறுத்து. ஆள் தெரியாவிட்டால் பொருளை நிறுத்து, சங்கிலி அறுந்தது என்று எழுது. இப்படிப் பல வழி சொன்னார். வகுப்பில் நான்தான் முதல். கைதட்டினார்கள். இந்த வயதில் கைதட்டு வாங்குவது லேசா?

அடுத்த வாரம் சரக்கு அவசரம். தகடு அழுத்தும் மெஷினின் பாதுகாப்பு மூடியை ஒவ்வொரு தகட்டுக்கும் திறந்து மூட வேண்டும். அது நேரத்தைத் தின்னும். அன்று மூடி சுவரோரம் சாய்ந்து கிடந்தது. மெஷின் ஓட்டும் மொட்டை என் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தான்.

"அண்ணே, கழட்டிட்டீங்க. கை போயிருமே?"

"போனா ஒண்ணுதானடா. இன்னொண்ணு இருக்குல்ல."

எல்லோரும் சிரித்தோம். மொட்டைதான் அதிகம் சிரித்தான்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அவன் வலது கையில் நான்கு விரல் போனது.

மூடி கழன்றது என்று எழுதி அனுப்பினேன். 'மூடிக்குக் கால் உண்டா? கழற்றியது யார்?' என்று தலைமை அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். நியாயமான கேள்வி. ஓர் ஆள் வேண்டும். நான் மேசை முன்னால் இருந்தேன், அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். 'ஆபரேட்டர் மூடியைக் கழற்றினார். ஆபரேட்டர் கையை உள்ளே விட்டார்.' துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இரண்டு வாக்கியம். இரண்டாவது உண்மை. ஆக, பாதி உண்மை.

"லீவு ஃபாரம்டா" என்று அந்த அறிக்கையைக் கட்டிலருகே நீட்டினேன். இடது பெருவிரலை உருட்டி வைத்தான்.

இப்படித்தான் எழுத வேண்டும் என்று என் அறிக்கையை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்கள். மொட்டைக்கு வேலை போனது, நஷ்ட ஈடும் போனது. கைக்கட்டோடு என் வீட்டுக்கு வந்தான்.

"நானே கழட்டுனேன்னு எந்தப் பாவியோ எழுதியிருக்கான்ணே. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வரும். மேல்முறையீடு எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"எழுதிடலாம்டா, இதென்ன பெரிய விஷயம்" என்றேன்.

ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. மூன்று தடவை உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் சரியாக அமையவில்லை, அவ்வளவுதான். அவசரத்தில் எழுதினால் நடை கெட்டுவிடும். அந்த வெள்ளிக்கிழமை போய் இரண்டு வாரம் ஆகிறது. மூடியை நான் கழற்றினேன் என்ற ஒரு வரியை மொட்டைக்கு நான் இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன்.