பெயரும் தேதியும் சரிதானா

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இந்தக் காத்தாடி ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும்; அங்கே இருந்தால் உங்களுக்கு வேர்க்கும். டின்னில் இஞ்சி பிஸ்கட் இருக்கிறது, கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒன்ஸ் மோர்' பத்திரிகையின் மூன்றாவது இதழ் எப்படி அப்படி விற்றது என்றுதானே கேட்டீர்கள். நல்ல கதை அது. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எழுதிக்கொள்வதானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குத் தடையில்லை.

என் பெயர் தவமணி. அறுபத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தமிழ் நாளிதழின் பினாங்கு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் நினைவஞ்சலிப் பக்கம் செய்தவள் நான். நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, இடது கீழே தோற்றம், வலது கீழே மறைவு, சுற்றிக் கறுப்புக் கரை. தலைப்புச் செய்தியைப் படிக்காமல் விடுகிறவர்கள்கூட இந்த ஊரில் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் விடமாட்டார்கள். அதைச் செய்ய யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

என்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதியைக் குடும்பத்தில் நெருங்கிய ஒருவருக்கு அனுப்புவேன். கூடவே ஒரு வரி: 'பெயரும் தேதியும் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.' துக்கத்தில் இருக்கிறவர்களை அப்படித் தொந்தரவு செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். பிழையோடு அச்சாவது அதைவிடப் பெரிய துக்கம். முப்பத்தொரு வருடத்தில் என் கையால் ஒரு தேதிகூடத் தப்பாகப் போனதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு என் அக்காள் மகன் தயாளன் வந்தான். பதினேழிலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்காக ஒரு பாட்டுப் பத்திரிகை தொடங்கப் போவதாகச் சொன்னான். எஸ்.பி.எம். பள்ளிப் பரீட்சை எழுதி முடித்துவிட்டுச் சின்னப் பிள்ளையும் இல்லாமல் பெரிய மனுஷனும் இல்லாமல் திரிகிற வயது. நம் ஊர்ப் பிள்ளைகள் பாடும் பாட்டுகள்; பக்கத்துக்குப் பக்கம் ஒரு கட்டம், போனைக் காட்டினால் பாட்டு கேட்கும்.

"இந்தக் காலத்துல யாரு தம்பி பேப்பர்ல படிக்கிறா?" என்றேன்.

"கேக்குறது போன்லதான் சின்னம்மா. ஆனா செவுத்துல ஒட்டி வெக்கறதுக்கு, கையில பிடிச்சி போஸ் குடுக்கறதுக்கு ஒண்ணு வேணும்ல. நீங்கதான் டிசைன் பண்றீங்க."

நல்ல கணக்குத்தான் அவனுடையது. லிட்டில் இந்தியாவில் முன்னே கேசட் கடை இருந்த கட்டடத்தின் மேல்மாடியைப் பிடித்தோம். முதல் இதழின் அட்டையை நான்கு நாள் உட்கார்ந்து செய்தேன். கறுப்புப் பின்னணி, தங்கக் கரை, நடுவில் ஷர்மினியின் முகம்.

ஷர்மினி ஜெலுத்தோங் பிளாட்டில் வளர்ந்தவள். பதினெட்டு வயது. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். தகப்பன் சந்திரசேகரன் ஜொகூருக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் சாலையில் இருப்பார். அவர் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டு நல்லம்மாள் அவளைப் பார்த்துக்கொள்வாள். பிள்ளைக்கு நல்ல குரல். நல்ல மனசும்தான். எனக்கு ஓண்டே ஓண்டே என்கிற வெல்ல உருண்டை பிடிக்கும் என்று தெரிந்து, வரும்போதெல்லாம் பசாரிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வருவாள்.

அட்டை அச்சாகி வந்த அன்று, பிள்ளைகளின் கருத்தைக் கேட்கலாம் என்று தயாளன் ஏழெட்டுப் பேரை மேல்மாடிக்குக் கூப்பிட்டான். ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். அட்டையை மேசையில் வைத்தேன். ஷர்மினிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, வெளக்கும் மாலையும் மட்டுந்தான் மிஸ்ஸிங் லா."

எல்லாரும் சிரித்தார்கள். தயாளனும் சிரித்தான்.

"சீரியஸா ஆன்ட்டி. எங்கப்பா இத ரோட்டுல எங்கனாச்சும் பாத்தாருன்னு வைங்க, நான் செத்துட்டேன்னு நெனச்சி லாரிய அப்படியே போட்டுட்டு அழுவாரு."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஒருத்தனுக்குச் சோற்றிலிருந்த சாம்பால் காரம் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். பிறகு அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சும்மா சொன்னேன் ஆன்ட்டி, கோச்சிக்காதீங்க," என்றாள். எனக்குக் கோபமே இல்லை. பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வதையெல்லாம் பெரியவர்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவள் சொன்னதை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான்.

முதல் இதழ் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. இரண்டாவதும் அப்படியே. தயாளன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"சின்னம்மா, மூணாவதும் போகலன்னா கோலாலம்பூர்ல ஒருத்தன் இருக்கான், டிசைன அவன்கிட்ட குடுத்துரலாம். நீங்க எழுத்துப் பிழை பாத்தா போதும்."

என் நாற்காலியை அவன் எடுக்கப் போகிறான். முப்பத்தொரு வருடம் ஊரையே நிறுத்திப் படிக்க வைத்தவளுக்கு மூலையில் ஒரு ஸ்டூல். நான் வாதாடவில்லை. யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் சந்தோஷத்தை விற்றுக்கொண்டிருந்தோம். அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் எங்கேயும் இலவசமாகக் கிடைக்கிறது. சேர்ந்து அழத்தான் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்.

அதனால் மூன்றாவது இதழுக்கு ஒரு முன்விளம்பரம் செய்தேன். இந்த முறை எதையும் விட்டுவைக்கவில்லை. விளக்கு வைத்தேன், மாலை போட்டேன், நடுவில் ஷர்மினி. தோற்றம் என்று அவள் பிறந்த தேதி. மறைவு என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. கீழே, 'விடை, ஒன்ஸ் மோர் மூன்றாம் இதழில்.' அதைப் பார்த்ததும் தயாளன் எழுந்துவிட்டான்.

"உயிரோட இருக்குற பிள்ளைக்கா? ஐயோ வேணாம் சின்னம்மா. தூக்கிப் போடுங்க."

சரி என்றேன். தாளைக் கிழித்தும் போட்டேன். கணினியில் இருந்தது இருந்தபடியே இருந்தது.

அந்த இதழுக்கான பாட்டை ஒரு சனிக்கிழமை பதிவு செய்தோம். புக்கிட் மெர்தாஜாமில் கிஷன் என்றொரு பிள்ளை தன் வீட்டு மாடியில் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறான். ஷர்மினி தானே எழுதிய பாட்டு அது. தகப்பனைப் பார்த்துப் பாடுவதுபோல, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்துவிடு, கறி வாங்கி வைத்திருக்கிறேன் என்று துள்ளலாகப் போகும். அவர் அன்று ஜொகூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது மகளைக் கூப்பிடுவது அவர் வழக்கம்.

பதிவு நடக்கும்போது எல்லாருடைய போனும் ஒரு டின்னுக்குள் போக வேண்டும் என்பது நான் போட்ட விதி. சத்தம் இருக்கக் கூடாது. நீங்கள் பிஸ்கட் எடுக்கிறீர்களே, இதே டின்தான். ஷர்மினி தன் போனைப் போட்டாள். கிஷன் போட்டான். விதி எனக்கும்தான் என்பதால் என் போனையும் போட்டேன். போடுவதற்கு முன்னால் ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருந்தது.

சந்திரசேகரனுடைய எண் என்னிடம் இருந்தது. மகளின் படத்தைப் போடுவதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தவர் அவர். கணினியில் விட்டுவைத்திருந்த அந்த விளக்கும் மாலையுமான படத்தை அவருக்கு அனுப்பினேன். பழக்கதோஷம், கூடவே அந்த வரியையும் எழுதினேன். 'பெயரும் தேதியும் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.' வேலை என்று பார்த்தால் அவ்வளவுதான் நான் செய்தது. குடும்பத்தில் நெருங்கியவருக்கு ஒரு பிரதி.

பிறகு கண்ணாடிக்குப் பின்னால் கிஷன் பக்கத்தில், டின்னை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஷர்மினி பாடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அதிர ஆரம்பித்தது. முதலில் என் போன். அடுத்து அவளுடையது. பிறகு மறுபடி என்னுடையது. அறைக்கதவு சரியாக மூடாது.

"ஆன்ட்டி, என்னமோ உர்ருங்குது. மைக்ல விழுது."

"காத்தாடியா இருக்கும்," என்றேன்.

அவன் எழுந்து காத்தாடியை நிறுத்தினான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கேக்குதே," என்றான்.

நான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி டின்னைச் சுற்றிக் கட்டினேன். மடியில் அணைத்து வைத்துக்கொண்டேன். ஒரு சிசு உதைப்பதுபோல இருந்தது. எனக்கு அது புது அனுபவம். இருபது வரைக்கும் எண்ணினேன்; அதற்கு மேல் எண்ணவில்லை. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. மடியில் ஏதோ கனம் குறைந்ததுபோல் தோன்றியது.

ஷர்மினி வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி ஆன்ட்டி? அப்பா கேட்டா அசந்துருவாரு இல்ல?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு கண்ணு. இன்னொரு தடவ பாடேன்," என்றேன். இன்னொரு தடவையும் பாடினாள்.

அதன் பிறகுதான் டின்னைத் திறந்தேன். முதலில் என் போனை எடுத்து, அனுப்பியதை என் போனிலும் அவர் போனிலும் இல்லாமல் நீக்கினேன். பிறகு டின்னை அவளிடம் நீட்டினேன். அவள் எடுத்த நேரம் நல்லம்மாளிடமிருந்து அழைப்பு. தகப்பன் அவளையும் கூப்பிட்டிருக்கிறார். பிள்ளை காலையில் போனவள் இன்னும் வீடு வரவில்லை என்று அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக ஓட்டியிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் பத்து காவான் ஊருக்குப் பிரியும் வழிக்கு முன்னால் லாரி தடுப்பில் ஏறிவிட்டது. வேறு யாருக்கும் அடியில்லை. அதை நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

மருத்துவமனையில் அந்தப் பிள்ளை என் மடியில்தான் தலை வைத்துக் கிடந்தாள். காரியம் முடிகிற வரைக்கும் நான் அவள் கூடவே இருந்தேன். ஒரு நாள் தகப்பனின் உடைந்த போனை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஆன்ட்டி, அன்னிக்கி அப்பாவுக்கு என்னமோ அனுப்பி டிலீட் பண்ணியிருக்கீங்க. என்னது?"

"உன் அட்டைப் படம்டா. சரியா வரல. அதான் எடுத்துட்டேன்."

"கடைசியா அவரு பாத்தது என் படத்தத்தானா?" என்று கேட்டு அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள்.

மூன்றாவது இதழின் அட்டையை நான்தான் செய்தேன். தயாளன் தடுக்கவில்லை, கிழித்துப்போட்ட அந்தத் தாளைப் பற்றியும் இன்றுவரை அவன் என்னிடம் கேட்டதில்லை. கறுப்புக் கரை, இரண்டு விளக்கு, நடுவில் சந்திரசேகரன், கீழே மகளின் பாட்டுக்கான கட்டம். பாட்டில் ஒரு சொல்லும் மாற்றவில்லை. வாங்கி வைத்த கறியும் சனிக்கிழமையும் அப்படியே இருந்தன. கேட்ட பிள்ளைகள் கல்லூரி விடுதிகளில் கூட்டமாக உட்கார்ந்து அழுததாக எழுதினார்கள். இரண்டாம் சரணத்தின் அடியில் ஒரு ரீங்காரம் கேட்கிறதே, அது என்ன வாத்தியம் என்று பலர் கேட்டிருந்தார்கள். கிஷன் அதை எடுத்துவிடலாம் என்றான். நான்தான் இருக்கட்டும் என்றேன்.

ஷர்மினி அதற்குப் பிறகு பாடவில்லை. தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். தீபாவளிக்கு வருவாள், ஓண்டே ஓண்டேயோடு.

ஒன்று விட்டுப்போயிற்று. ஒன்றையும் மறைக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. தயாளனுக்குக் காட்டியதில் மறைவுக்கு நேரே கேள்விக்குறி இருந்தது. சந்திரசேகரனுக்கு அனுப்பியதில் இல்லை. அதை எடுத்துவிட்டு அன்றைய தேதியைப் போட்டிருந்தேன். கேள்விக்குறியோடு போயிருந்தால் அவர் விளம்பரம் என்று புரிந்துகொண்டிருப்பார். என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார். லாரியை நிறுத்தி ஒரு தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தேதி போட்டேன். மகள் எங்கே என்று சொல்லக்கூடிய போன்களையெல்லாம் தெரிந்துதான் டின்னில் போட்டேன்.

பிறகு அவருடைய நினைவஞ்சலியைச் செய்ய உட்கார்ந்தபோது வேலை சுலபமாக இருந்தது. படத்தையும் பெயரையும் பிறந்த நாளையும் மாற்றினேன். மறைவு தேதியைத் தொட வேண்டியிருக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு தேதியைத் தப்பாகப் போட்டதில்லை. இதிலும் பெயர்தான் பிழையாகியிருந்தது, தேதி சரியாகவே இருந்தது.

இதழ் வந்த அன்று அதே பிள்ளைகள் மேல்மாடிக்கு வந்தார்கள். அட்டையை மேசையில் வைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

நேரமாகிவிட்டது, உங்களை வீட்டில் தேடுவார்கள். இரண்டு பிஸ்கட் பொட்டலம் கட்டித் தருகிறேன், பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உங்கள் வீட்டில் விளக்கு எரியட்டும், பாட்டுச் சத்தம் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டார் படங்களுக்குக் கீழே நெடுங்காலம் ஒரு தேதி மட்டுமே இருக்கட்டும். பக்கத்து இடத்தைக் காலியாகவே வைத்திருக்க ஆண்டவன் அருள்புரியட்டும்.