நடுங்காத கையைக் கண்டவருக்கு

முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் பணிபுரிந்து இன்று விடைபெறும் மூத்த செவிலியரே! நோயாளிகள் நாவில் 'எட்டு மணி சிஸ்டர்' என்றே நிலைத்துவிட்ட நெஞ்சுக்கினியவரே! சிறுநீரக மாற்றுப் பிரிவின் பணியாளர்களாகிய நாங்கள் எழுந்து நின்று வாசிக்கும் மடல் இது.

காலை எட்டு, இரவு எட்டு. ஒருவர் கொடுத்த சிறுநீரகத்தை மற்றவர் உடல் தள்ளிவிடாமல் காக்கும் மாத்திரையை இவ்விரு வேளையும் விழுங்கச் சொல்லிச் சொல்லியே உங்கள் தொண்டை கட்டிப்போனது. புகழ்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது. நடுவில் எழுந்து போய்விடுவீர்கள். பொறுத்தருள்க, இன்று கதவருகே ஆள் நிறுத்தியிருக்கிறோம்!

உங்கள் பொறுமையையும் பரிவையும் பத்திபத்தியாகப் பாடலாம். ஆயினும் அந்தத் தையற்காரரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இது வெறும் முகத்துதி. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு தம் அக்காவின் சிறுநீரகத்தைப் பெற்றவர் அவர். மாதந்தோறும் பரிசோதனைக்கு வருவார். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?" என்று கேட்போம். "ஆமாங்க" என்பார். இரத்தத்தில் மருந்தின் அளவும் சரியாகவே இருக்கும். கிரியாட்டினின் மட்டும் மாதாமாதம் ஏறியது. சிறுநீரகம் சோர்ந்துவருகிறது என்று பொருள். ஏனென்று புரியாமல் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம்; ஆனால் அவருடைய அட்டையில் 'மருந்தை முறையாக எடுக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம்.

ஒருநாள், பரிசோதனைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கையில், நம் பிரிவுக்குத் தைத்த திரைச்சீலைகளை ஒப்படைக்க வந்தார். சீட்டில் அவர் கையெழுத்திட்டபோது உங்கள் கண் அந்த விரல்களில் நின்றது. அந்த மாத்திரை சிலருக்குக் கைநடுக்கம் தரும். பரிசோதனை நாள்களில் பேனா பிடிக்கவே தடுமாறும் கை, அன்று துளியும் நடுங்கவில்லை. நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

நீங்கள் அவரைத் தனியே அழைத்து உட்காரவைத்தீர்கள். "இந்த வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சுங்க? திட்ட மாட்டேன், சொல்லுங்க."

அவர் உடைந்துபோனார். "டெஸ்டுக்கு முந்தின நாலு நாள் மட்டும் ஒழுங்கா போடுவேன் சிஸ்டர். மத்த நாள்ல காலை மாத்திரையைத் தொடவே மாட்டேன். போட்டா ஊசியில நூல் கோக்க முடியல. தையல் கோணலாப் போனா யாரு என்கிட்ட துணி குடுப்பாங்க?"

அன்றே மருத்துவரிடம் வாதாடி, நடுக்கம் குறையும்படி மருந்தை மாற்ற வைத்தீர்கள். தையற்காரரோ, "எங்க அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று கெஞ்சினார். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றீர்கள். அக்கா இங்கு வந்த அன்று, சொன்னபடியே உட்கார்ந்திருந்தீர்கள்.

அக்கா திட்டவில்லை. தம்பியின் விரல்களைப் பிடித்துப் பார்த்து, "கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வந்து நூல் கோத்துக் குடுத்திருப்பேனேடா" என்றார். பக்கத்து மேசையில் இருந்த நாங்கள் கையிலிருந்த அட்டைகளைப் புரட்டத் தொடங்கினோம்.

மறுநாள் எங்களைக் கூட்டி, எங்கள் கேள்வியையே மாற்றச் சொன்னீர்கள். 'ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?' என்று கேட்டால் 'ஆமாம்' என்பதைத் தவிர வேறு சொல்ல யாருக்குத் துணிவு வரும் என்று கேட்டீர்கள். அதன்பின் எங்கள் அட்டைகளெங்கும் விடுபட்ட வேளைகள் நிறைந்தன. பார்க்க அழகாயில்லை; ஆனால் முதன்முறையாக அவற்றில் உண்மை இருந்தது. அதனால் பிழைத்த சிறுநீரகங்கள் பல.

அக்கா தந்த சிறுநீரகம் இன்றும் தம்பிக்காக உழைக்கிறது, பாதி வலுவோடு. மீதிப் பாதி எங்களாலும் போனது. அவர் சொன்ன பொய்யை மாதந்தோறும் கேட்டு வாங்கியவர்கள் நாங்கள்தாம். இதை நீங்கள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அம்மையே! அலாரம் எழுப்பாத காலைகளும், உடல்நலம் குன்றாத ஆண்டுகளும் உங்களுக்கு அளவின்றி வாய்க்கட்டும்! அக்காவும் தம்பியும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இவ்வவையில் உங்களைப் பாராட்ட எழுந்த நாங்கள், உங்கள் மாணவர்களாக, முதலில் அவ்விருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

இங்ஙனம்,
அந்த அட்டையில் கையெழுத்திட்ட
சிறுநீரக மாற்றுப் பிரிவுப் பணியாளர்கள்