உக்கும் குப்பைப் பை

குப்பையைப் பிரித்துப் போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சேர். சோறு, மரக்கறி என்று மக்கி உக்குவது பச்சைப் பையில், பிளாஸ்டிக் போல உக்காதது கறுப்புப் பையில். உக்குவளை ஊரில் எங்கள் லேனில் உள்ள அத்தனை வீட்டாருக்கும் அதைப் பழக்கியவன் நான்தான். லேன் சங்கச் செயலாளர் லோரன்ஸ் என்பதைவிடக் குப்பை லோரன்ஸ் என்றால்தான் பலருக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை.

மனைவி செத்ததைப் பற்றிக் கேட்டால் இவன் குப்பையைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

பிரதேச சபையின் குப்பை வண்டியான டிரெக்டர் செவ்வாய்க்கிழமை கறுப்புப் பைக்கும் வெள்ளிக்கிழமை பச்சைப் பைக்கும் வரும். அதோடு வரும் கிருஷ்ணம்மா ஒவ்வொரு பையையும் அவிழ்த்துப் பார்ப்பாள். கலந்திருந்தால் கேட்டடியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். அப்படிப் பார்க்கச் சொல்லிச் சபைக்குக் கடிதம் எழுதியதும் நான்தான்.

மார்ஜரி பாரிசவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் கிடந்தாள். பேச்சில்லை. இடக்கையில் ஒரு கரண்டி. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவாள். ஜன்னலைத் திறக்கத் தட்டுவாள், மூடத் தட்டுவாள், நான் பக்கத்தில் இல்லை என்பதற்காகவும் தட்டுவாள். ஒரு கோப்பை தேத்தண்ணியை உட்கார்ந்து முழுதாகக் குடித்து எத்தனை காலம் என்று எனக்கே நினைவில்லை. அவளும் களைத்துத்தான் போயிருந்தாள். முகத்தைப் பார்த்தால் தெரியும்.

பெப்ரவரியில் பிரஷர் மாத்திரையை நிறுத்தினேன். அவள் பார்க்கும்படி அட்டையிலிருந்து எடுப்பேன். வாயில் வைப்பது அதே நிறத்தில் ஒரு விட்டமின். காலி அட்டை உக்காது, அது கறுப்புப் பைக்கு. மாத்திரை தண்ணீரில் கரையும், கரைவது உக்கும். ஆகவே பச்சைப் பைக்கு. கக்கூசில் போட்டிருக்கலாமே என்பீர்கள். அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் கிணறு இருக்கிறது. நாலு வீட்டார் குடிக்கிற தண்ணீர், சேர்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை கிருஷ்ணம்மா கேட்டடியில் நின்று கூப்பிட்டாள்.

"ஐயா, சோத்துக்குள்ள மாத்திர கெடக்குங்களே. கைதவறி விழுந்துருச்சிங்களா?"

"பழசு, திகதி முடிஞ்சது" என்றேன்.

"பழசுன்னா தனியா குடுங்கய்யா. இது பசளைக்கு, வயலுக்கு உரமாப் போற குப்பைங்க."

குப்பை பிரிக்க எனக்கு அவள் சொல்லித் தருகிறாள். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அதன் பிறகு வெள்ளிக்கிழமைக் காலைகளில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. டிரெக்டர் சத்தம் உக்குவளைச் சந்தியில் கேட்கும்போதே கேட்டுக்கும் குசினிக்கும் நடக்கத் தொடங்கிவிடுவேன். உள்ளே கரண்டி தட்டும், வெளியே கிருஷ்ணம்மா விசில் ஊதுவாள். மாத்திரையைச் சோற்றுக்கு அடியில் புதைத்துப் பார்த்தேன். அப்படியும் நடப்பது நிற்கவில்லை. வேறு பையில் போடலாம்தான். தப்பான பையில் போட எனக்குக் கை வராது.

காசுக்குக் குப்பை அள்ளும் ரிஸ்வியின் லொறி அப்போதுதான் எங்கள் பக்கம் வந்தது. கட்டிய பையைக் கட்டியபடியே ஏற்றுவார்கள். யாரும் அவிழ்க்க மாட்டார்கள். சங்கக் கூட்டத்தில் டிரெக்டருக்குப் பதில் லொறி வேண்டுமென்று அரைமணி நேரம் பேசினேன். நாற்றமில்லை, நாய்த் தொல்லையில்லை என்றேன். எதிர்வீட்டு டயனா எழும்பினாள்.

"அங்கிள், பிரிச்சிப் போடுங்க, பிரிச்சிப் போடுங்கன்னு எங்க உசுர எடுத்ததே நீங்கதானே? இப்ப என்ன ஆச்சி?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாக்கெடுப்பில் லொறிதான் வென்றது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரும் என்று முடிவானது. டிரெக்டருக்கு ஒரேயொரு வெள்ளிக்கிழமைதான் மிச்சம்.

அதற்கு முதல்நாள் வியாழக்கிழமை, காலை பத்து மணியிருக்கும், கரண்டி வேகமாகத் தட்டியது. பிறகு கீழே விழும் சத்தம் கேட்டது. நான் தேத்தண்ணியை முழுதாகக் குடித்துவிட்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை லேன் முழுக்கச் செத்தவீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். முன்னறையில் மார்ஜரியின் சவப்பெட்டி, சுற்றிவரச் சனம். டிரெக்டர் வந்து நின்றது. கொடியைப் பார்த்துவிட்டுக் கிருஷ்ணம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு யோகட் கப். மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். அதற்குள் பாதிக்கு மேல் மாத்திரை.

"வாரா வாரம் கெடந்திச்சிங்கய்யா. அம்மாதான் தட்டுல துப்பிர்றாங்களாக்கும்னு பொறுக்கி வச்சேன். இன்னைக்குக் கடைசி நாளாச்சே, சொல்லிக் குடுத்துட்டுப் போவோம்னு வந்தேன்." பெட்டியைப் பார்த்து அழுதாள். "அம்மா மாத்திர போடாமலா இருந்தாங்க?"

டயனா கப்பை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள்தான் பொலிசுக்கு வந்து உங்களுக்குச் சொல்லியிருப்பாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆமாம் சேர், மாத்திரையை நிறுத்தியவன் நான்தான். செத்துப்போவாள் என்று தெரிந்துதான் நிறுத்தினேன். ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். மார்ஜரிக்குக் கெடுதலான எதையும் நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. கொடுக்காததையும் கண்ட இடத்தில் வீசவில்லை. பிரித்து, அதற்குரிய பையில்தான் போட்டேன்.